மூன்றாவது பாதி

வக்கீல் அனுப்பிய பட்டியலில்
கெட்டில் இருந்தது, கார் இருந்தது,
பதினோரு தவணை பாக்கியிருந்த சோபா இருந்தது.
நாய் டெவியட் எனக்கு,
மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு.
கொல்லைச் சுவரோரம்
ஒன்பது வருஷமாய்க் கிடந்த ஜெரேனியத்தை
யாரும் எழுதவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இஷ்பெல் வந்தாள்.
ரப்பர் பூட்ஸ், கையில் வாளி.
"அதில் பாதி வேண்டும்" என்றாள்
தேநீருக்குச் சர்க்கரை கேட்கிற குரலில்.
ஹாயிக்கில் மார்ச்சை வசந்தம் என்று சொல்ல முடியாது.
தூறல் மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
பெட்ரோல் பங்க்கில் தொட்டியோடு விற்கிறார்களே,
ஜன்னலில் சிவப்பாய்ச் சிரித்துவிட்டு
முதல் உறைபனியில் கூழாய்ப் போகிறதே,
அது இல்லை. பெயர் மட்டும் ஒன்று.
(நாங்கள் அந்த ரகம் என்று
கல்யாணத்தன்றே கணித்தவள் என் அக்கா ஊனா.)
இது தேவாலய விற்பனையில்
ஐம்பது பென்ஸுக்கு வாங்கியது.
குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே
சருகும் நத்தை ஓடும் தவிர எதுவும் தெரியாது.
போய்விட்டது என்றே தோன்றும்.

ஆளுக்கொரு பக்கம் நின்று தூக்கினோம்.
கடைசியாய் நாங்கள் சேர்ந்து தூக்கியது
அந்த சோபாவை.

மண்கவை இரண்டை முதுகோடு முதுகு வைத்து
நெம்பிப் பிரிக்க வேண்டும்.
இருந்தது ஒன்றுதான்.
உள்ளே போய் ரொட்டிக் கத்தியோடு வந்தாள்.
பட்டியலில் அது அவள் பெயரில்.

நடுப்பகுதி கட்டை தட்டிப்போயிருந்தது,
பழைய முட்டைக்கோசுத் தண்டு மாதிரி.
முதன்முதலில் நட்டது அதைத்தான்.
இப்போது துளிரெல்லாம் விளிம்பில்.
"இதை யாரும் வைத்துக்கொள்வதில்லை"
என்று உரக்குவியல் மேல் வீசினாள்.
நான் மறுக்கவில்லை.
ஒன்பது வருஷத்தில் நான் மறுக்காதவை அதிகம்.

வாளியோடு காலாஷீல்ஸ் பேருந்தில் ஏறினாள்.
மடியில் வைத்தாளா, காலடியிலா,
நான் பார்க்கவில்லை.

என் பாதி பத்து நாள் துவண்டு கிடந்தது.
பிறகு, கசக்கி எறிந்த பயணச்சீட்டு
தானே பிரிவது போல ஓர் இலை.
ஜூன் நடுவில் நீலம்.
கம்பளி ஆலையில் சாயத்தொட்டிக்கு முன்னால்
இருபது வருஷமாய் நிற்கிறேன்;
அந்த நீலத்துக்கு எங்களிடம் எண் கிடையாது.

ஜூலையில் வெட்ட வேண்டும்.
பூ முடிந்து கால் பரப்பி விழுந்ததையெல்லாம்
தரையோடு, ஈவிரக்கமில்லாமல்.
முதல் வருஷம் அவள் வெட்டியபோது கத்தினேன்.
மூன்றாம் வாரம் புது இலை வந்து
என் வாயை அடைத்தது.
இந்த வருஷம் நானே வெட்டினேன்.
ஏழெட்டுத் தண்டை விட்டுவிட்டேன்,
சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டியதைக் கொட்டப் போனபோதுதான் பார்த்தேன்.
உருளைக்கிழங்குத் தோலுக்கும் தேயிலைப் பைகளுக்கும் நடுவே
அந்தக் கட்டை
ஐந்து இலை விட்டிருந்தது. ஒரு மொட்டு.
யார் கணக்கிலும் சேராத
மூன்றாவது பாதி.

ஒரு கடிதத்துக்கு
நூற்றியெண்பது பவுண்டு வாங்கும் வக்கீல்
இதற்கு எவ்வளவு கேட்பாரோ.
படம் எடுத்து இஷ்பெலுக்கு அனுப்பினேன்.
மறுநாள் மதியம் பதில் வந்தது:
"தண்ணீர் ஊற்றாதே.
ஊற்றினால் கெட்டுப்போகும்."

ஆகஸ்டில் தொடர்ந்து நான்கு நாள் வெயில்.
எங்கள் ஊரில் அதற்கு விடுமுறையே விடலாம்.
வெட்டாமல் விட்ட தண்டுகளில்
பூ உதிர்ந்த இடமெல்லாம் கொக்கின் மூக்கு,
கூராய், வானம் பார்த்து.
காய்ந்து முறுகி ஐந்தாய்ச் சுருண்டு
விதையை வீசும்.
எங்கே என்று அதைக் கேட்க முடியாது.

குப்பைத்தொட்டி மூடியில் ஒன்று
டிக் என்றது.
டெவியட் ஒரு காதை மட்டும் தூக்கியது.
கொஞ்ச நேரம் கழித்து
சுவருக்கு அந்தப் பக்கம்
மிஸஸ் டர்ன்புல்லின் சரளைக்கல்லில்
இன்னொன்று.